உள்மூலையில் தெரியும் கை: ஒரு ராயல் ஓக் ஸ்கெலிட்டன் கடிகாரத்தின் கைவினை மதிப்பீடு

சுவிட்சர்லாந்தின் ஓடெமார் பிகே நிறுவனத்தின் ராயல் ஓக் வரிசையில் 2016-ஆம் ஆண்டு வெளிவந்த ‘டபுள் பேலன்ஸ் வீல் ஓப்பன்வொர்க்டு’ என்னும் ஸ்கெலிட்டன் கைக்கடிகாரம் (உள் இயந்திரம் வெளியே தெரியும்படி தகடுகள் வெட்டப்பட்டது) மறுவிற்பனைக்கு வந்திருந்தது. அதை வாங்க விரும்பியவர் கேட்டுக்கொண்டதன் பேரில் இந்த மதிப்பீடு செய்யப்பட்டது. மாடல் எண் 15407எஸ்டி, எஃகு கேஸ், குறுக்களவு 41 மில்லிமீட்டர், உள்ளே ஓடுவது 3132 என்ற எண்ணுடைய ஆட்டோமேட்டிக் மூவ்மென்ட், அதாவது கை அசைவில் தானே சாவி ஏறும் உள் இயந்திரம். அதே காலத்தில் விற்பனையில் இருந்த, டயல் மூடிய 15400 மாடலைவிட இதன் கடை விலை இரண்டு மடங்குக்கும் மேல். வாங்குபவரின் கேள்வியும் அதைப் பற்றியதுதான்: அந்தக் கூடுதல் பணம் உண்மையாகவே கைவேலைக்குப் போகிறதா, அல்லது உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கேட்கப்படுகிறதா?

இந்தக் கேள்விக்குப் பெயரையோ சான்றிதழையோ பார்த்துப் பதில் சொல்லிவிட முடியாது. ஜெனீவாவில் செய்யப்படும் கடிகாரங்களுக்கு 1886 முதல் ‘ஜெனீவா முத்திரை’ என்ற தர முத்திரை உண்டு. மூவ்மென்டின் விளிம்புகளும் ஸ்க்ரூக்களும் எப்படி மெருகிடப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு அதில் தனி விதிகளே இருக்கின்றன. ஆனால் அம்முத்திரை ஜெனீவா மாநிலத்துக்குள் பூட்டிச் சரிசெய்த கடிகாரங்களுக்கு மட்டுமே உரியது. ஓடெமார் பிகே 1875 முதல் இயங்கிவரும் லெ பிராஸ்யூ என்ற ஊர், ஜூரா மலைப்பகுதியில் உள்ள ஜூ பள்ளத்தாக்கில், வோ மாநிலத்தின் எல்லைக்குள் வருகிறது. ஆகவே இந்தக் கடிகாரத்தின் மெருகுக்கு வெளியார் முத்திரை எதுவும் சாட்சி சொல்லாது. மதிப்பிடுபவரின் கண்ணும், கண்ணில் பொருத்திப் பார்க்கும் ஐ கிளாஸ் என்ற உருப்பெருக்கி லென்ஸும்தான் சொல்ல வேண்டும்.

ஸ்கெலிட்டன் என்றால், சக்கரங்களைத் தாங்கும் மெயின் பிளேட்டிலும் பிரிட்ஜ்களிலும் வேலையில்லாத உலோகத்தையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, தாங்குவதற்கு அவசியமான எலும்பை மட்டும் விட்டுவைப்பது. 1760-ஐ ஒட்டிப் பாரிஸில் ஆந்த்ரே ஷார்ல் காரோன் என்ற கடிகாரத் தொழிலாளி இதைத் தொடங்கிவைத்தார் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்தக் காலத்தில் தகட்டில் துளையிட்டு, நூல் போன்ற அலகுடைய சிறுவாளை அதற்குள் நுழைத்துக் கையால்தான் அறுத்தார்கள். இன்று உயர்ந்த நிறுவனங்களிலும் பெரும்பாலும் மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் மெல்லிய கம்பியோ கணினி வழிச் சுழலும் வெட்டுக்கருவியோதான் அந்த வேலையைச் செய்கிறது. இதை நான் குறையாகக் கருதவில்லை. அறுப்பது மனிதனா இயந்திரமா என்பதால் கடிகாரத்தின் தரம் பெரிதாக மாறிவிடுவதில்லை. அறுத்தபின் எஞ்சும் விளிம்பை என்ன செய்தார்கள் என்பதில்தான் தரம் இருக்கிறது. சாதாரண மூவ்மென்டில் மெருகிட வேண்டிய விளிம்பு பிரிட்ஜின் வெளிச்சுற்று மட்டுமே. ஸ்கெலிட்டனில் ஒவ்வொரு திறப்பும் ஒரு புதிய விளிம்பையும், செங்குத்தான ஓர் உட்சுவரையும், பல மூலைகளையும் உண்டாக்குகிறது. வெட்டுவது எளிதாகிவிட்ட காலத்தில், வெட்டிய அளவுக்கு மெருகு வேலையைச் செய்து முடித்தார்களா என்று பார்ப்பதே மதிப்பீட்டின் சாரம்.

ஆகையால் ஆய்வு முதலில் உள்மூலைகளுக்குப் போனது. பிரிட்ஜின் மேற்பரப்பும் பக்கச்சுவரும் சந்திக்கும் கூர்விளிம்பை ஏறக்குறைய 45 டிகிரியில் சாய்த்து அரத்தால் தேய்த்து மெருகிடுவார்கள். ஆங்கிலாஜ் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது இதைத்தான். இரண்டு சரிவுகள் உள்நோக்கி ஒன்றையொன்று சந்திக்கும் இடம் உள்மூலை. சுழலும் கருவி எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும் வட்டமானது என்பதால் அந்த மூலைக்குள் முழுவதும் நுழைய முடியாது. அதன் ஆரம் அளவுக்கு ஒரு வளைவை விட்டுத்தான் திரும்பும். மின்பொறிக் கம்பிக்கும் இதே கதிதான். அந்த வளைவைக் கூர்மையான சந்திப்பாக மாற்ற வேண்டுமானால், ஒருவர் லென்ஸ் வழியே பார்த்துக்கொண்டு, கூர்நுனி அரத்தால் இரண்டு பக்கமிருந்தும் தேய்த்து வந்து, இரண்டு சரிவுகளும் ஒரே கோட்டில் முடியும்படி நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் சற்றே கூடுதலாகத் தேய்ந்தால் கோடு சாய்ந்துவிடும். அதைச் சரிசெய்ய மறுபக்கத்தையும் தேய்த்தால் சரிவு அகலமாகிவிடும். அதன்பின் படிப்படியாக மென்மையான உராய்பொருள்களுக்கு மாறி, கடைசியில் மரக்குச்சியில் வைரப் பசை தடவி மெருகிடுவார்கள். ஜூ பள்ளத்தாக்கில் இதற்கு ஜென்ஷியன் என்ற மலைச்செடியின் காய்ந்த தண்டைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். அதன் மென்மையான நார் சரிவின் வளைவுக்கு ஏற்ப ஒடுங்கிக்கொடுக்கும்.

இந்தக் கடிகாரத்தில் டயல் பக்கம் மேலாக ஓடும் பிரிட்ஜின் ஓர் உள்மூலையைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தபோது தெரிந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டு சரிவுகளும் சந்திக்கும் கோடு மயிரிழையாக மூலையின் நடுவில் நேராக இறங்குகிறது. விளக்கைச் சற்று நகர்த்தினால் ஒரு பக்கச் சரிவு வெளுத்து ஒளிர, மறுபக்கம் கறுத்துவிடுகிறது. இரண்டுக்கும் இடையே மங்கலான நடுநிறம் எதுவும் இல்லை. வளைந்த மூலையாக இருந்திருந்தால் ஒளி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வழிந்து சென்றிருக்கும். சரிவின் அகலம் மூலைக்கு வரும்போதும் மூலையைவிட்டுப் போகும்போதும் மாறவில்லை. சரிவின் பரப்பு முற்றிலும் தட்டையாக இல்லாமல் மிகச் சிறிதளவு புடைப்புடன் இருப்பதால், கடிகாரத்தைச் சாய்க்கும்போது ஒளிக்கோடு விளிம்போடு சேர்ந்து மெல்ல நகர்கிறது. வைரமுனை இயந்திரத்தால் சீவிய சரிவும் பளபளக்கும். ஆனால் அது கண்ணாடித் துண்டு போலத் தட்டையாக, ஒரே நொடியில் முழுவதும் மின்னி முழுவதும் அணையும், உற்றுப் பார்த்தால் கருவி சென்ற தடங்கள் இணைகோடுகளாகத் தெரியும். இங்கே அப்படிப்பட்ட தடம் எதுவும் கண்ணில் படவில்லை. பார்வைக்கு எட்டிய மற்ற உள்மூலைகளிலும் இதே ஒழுங்கு இருந்தது. அவற்றில் சில மூலைகள் முள்ளின் நிழலிலும் சக்கரத்தின் பின்னாலும் ஒளிந்திருப்பவை. அணிபவர் ஒருபோதும் தேடிப் பார்க்காத அந்த இடங்களிலும் கோடு கூர்மையாகவே இருந்தது என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அடுத்துப் பார்த்தது உட்சுவர்கள். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. கம்பி அரித்துச் சென்ற சுவர் சாம்பல் பூத்ததுபோல் சொரசொரப்பாக இருக்கும். விளிம்புச் சரிவை மட்டும் மெருகிட்டுவிட்டுச் சுவரை அப்படியே விட்டுவிட்டால், நேராகப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, சாய்த்தால்தான் குட்டு வெளிப்படும். இங்கே கடிகாரத்தைச் சாய்த்து ஒளியைப் பக்கவாட்டில் செலுத்தியபோது, சுவர்களில் ஒரே திசையில் இழுத்துத் தேய்த்த நேர்க்கோடுகள் தெரிந்தன. மேற்பரப்பும் ஒரே திசையில் மெல்லிய கோடுகளாகத் தேய்க்கப்பட்டிருக்கிறது. மேற்பரப்பின் மங்கல், சரிவின் பளபளப்பு, சுவரின் மங்கல் என்று மூன்றும் அடுத்தடுத்து வருவதால்தான் இவ்வளவு நெருக்கமான சட்டகத்திலும் ஒவ்வொரு பிரிட்ஜும் தனித்தனியாகப் பிரிந்து தெரிகிறது. ஸ்கெலிட்டனில் மெருகு அலங்காரம் மட்டுமே அன்று, கண்ணுக்கு வழிகாட்டுவதும் அதுதான். சக்கர அச்சுகளைத் தாங்கும் மாணிக்கக் கற்கள் பதித்த குழிகளின் சரிவும், ஸ்க்ரூத் தலைகளின் ஓரமும் வெட்டும் மெருகிடப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒரு ஸ்க்ரூவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, அது பின்னால் வரும்.

இனி இயக்கம். இந்தக் கடிகாரத்தைத் தேர்ந்து பார்க்கத் தகுதியாக்குவதே இதன் இரட்டை பேலன்ஸ்தான். பேலன்ஸ் என்பது இருபுறமும் மாறி மாறி ஆடி ஓட்டத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சக்கரம். இங்கே ஒரே அச்சில், மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு பேலன்ஸ் சக்கரங்கள். ஒவ்வொன்றுக்கும் அதைத் திருப்பி இழுக்கும் தனி ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள்வில். அச்சு ஒன்று என்பதால் இரண்டும் ஒன்றாகவே ஆடும். மணிக்கு 21,600 ஆட்டங்கள், அதாவது நொடிக்கு ஆறு டிக். சக்கரத்தின் சுழல்தடை ஏறத்தாழ இருமடங்காகும்போது, அதைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங்கின் விறைப்பையும் அதே அளவுக்குக் கூட்டினால் ஆட்டத்தின் வேகம் மாறாது; ஆனால் ஆடும் தொகுதியில் உள்ள ஆற்றல் கூடிவிடும். அதனால் கை அசைவாலும் சிறு அதிர்வாலும் வரும் கலக்கம் அதன் மேல் குறைவாகவே உறைக்கும். இரண்டு ஸ்பிரிங்குகளும் சுருங்கி விரியும்போது ஒன்றின் மையப்பிறழ்வை மற்றது ஓரளவு ஈடுகட்டவும் வாய்ப்புண்டு.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 15400 மாடலில் ஓடும் 3120 மூவ்மென்டின் தடிமன் 4.26 மில்லிமீட்டர், முழுச் சாவிக்கு 60 மணி நேரம் ஓடும். 3132-இன் தடிமன் 5.57 மில்லிமீட்டர், ஓட்டம் 45 மணி நேரம். கனத்த ஆட்டத்தை விடாமல் தள்ளிக்கொண்டிருக்க, சாவியின் ஆற்றலைச் சேமித்து வைக்கும் மெயின் ஸ்பிரிங் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியிருப்பதே இந்தக் குறைவுக்குக் காரணம் என்று கருதுகிறேன். வெள்ளிக்கிழமை மாலை கழற்றி வைத்தவர் திங்கட்கிழமை காலையில் நின்றுபோன கடிகாரத்தைத்தான் எடுப்பார். உதிரிப் பாகங்கள் 245, கற்கள் 38 என்று 3120-ஐவிடக் குறைவாக இருப்பதைக் கண்டு சிக்கனம் என்று நினைத்துவிடக் கூடாது. இதில் தேதி காட்டும் அமைப்பு இல்லை.

இந்த ஏற்பாட்டில் திறப்புக்கு ஒரு நியாயம் இருக்கிறது என்பதுதான் என் முடிவில் அதிக எடை பெற்ற செய்தி. சாதாரண மூவ்மென்டில் பேலன்ஸ் பின்பக்கத்தை நோக்கி அமர்ந்திருக்கும். டயலைத் திறந்தாலும் முன்னால் தெரிவது பெரும்பாலும் அசையாத தகடும் மெல்ல நகரும் சக்கரமும்தான். இங்கே இரண்டாவது சக்கரம் டயல் பக்கமே ஏறி வந்துவிட்டதால், முன்னால் இடப்பக்கத்தில் ஒரு பேலன்ஸ் மூச்சுவிடுவதையும், திருப்பினால் பின்கண்ணாடி வழியே கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் 22 காரட் தங்க ரோட்டாருக்கு அடியில் அதன் ஜோடி ஆடுவதையும் பார்க்க முடிகிறது. பொறியமைப்பின் தேவையும் காட்சியின் தேவையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ஸ்கெலிட்டன் செய்பவர்கள் எல்லாரும் இந்த வழியில் போவதில்லை. பதேக் ஃபிலிப் நிறுவனம் 1977-இல் வெளியிட்ட 240 மூவ்மென்டை அடிப்படையாகக் கொண்ட அதன் ஸ்கெலிட்டனில், எஞ்சிய தகடு முழுவதும் கொடிவேலைப்பாடாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அது நகைக்கு நெருங்கிய கலை. கார்ட்டியே 2009-இல் வெளியிட்ட சாண்டோஸ் 100 ஸ்கெலிட்டனில் பிரிட்ஜ்களையே ரோமன் எண்களின் வடிவில் வெட்டி, தாங்கும் சட்டத்தையே டயலாக்கிவிட்டார்கள். மணி பார்ப்பதில் உள்ள சிக்கலுக்கு எனக்குத் தெரிந்து அதைவிடத் தெளிவான தீர்வு இல்லை. அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் 15407 பின்தங்கியே நிற்கிறது. நல்ல வெளிச்சத்தில் ரோஸ் கோல்டு முட்கள் சாம்பல் நிறப் பின்னணியில் தெளிவாகவே தெரிகின்றன. ஆனால் வெளிச்சம் குறைந்த அறையில், சக்கர வரிசையின் மேல் நிமிட முள் வந்து நிற்கும்போது ஒரு கணம் தேட வேண்டியிருக்கிறது. கடிகாரம் மணி காட்டுவதற்கானது என்பதால் இதை அறிக்கையில் குறையாகவே எழுதினேன்.

தகட்டை இவ்வளவு வெட்டியபின் அதன் உறுதி என்னவாயிற்று என்று கேட்பது இயல்பு. ஒரு சக்கரத்தின் அச்சு மேலும் கீழும் இரண்டு கற்களுக்கு நடுவே மயிரளவு தளர்வோடு நிற்கிறது. தகடு வளைந்துகொடுத்தால், ஸ்க்ரூவை முறுக்கும்போதே அந்தத் தளர்வு மாறிவிடும், உராய்வு நிலைக்கு நிலை வேறுபடும். மூவ்மென்டைக் கழற்றாமல் இதை நேரடியாக அளக்க முடியாது என்பதால், டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைமிங் மெஷினில் வெவ்வேறு நிலைகளில் வைத்து மறைமுகமாகப் பார்த்தோம். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பேலன்ஸ் எத்தனை டிகிரி ஆடுகிறது என்பதை அந்த இயந்திரம் நேராகப் பார்ப்பதில்லை. டிக் ஒலிகளுக்கு இடையிலான நேரத்தையும், நாம் உள்ளிடும் லிஃப்ட் ஆங்கிள் (ஒவ்வொரு டிக்கிலும் பேலன்ஸ் உந்துதல் பெறும் கோணம்) என்ற எண்ணையும் வைத்துக் கணக்கிட்டுச் சொல்கிறது. அந்த எண் மூவ்மென்டுக்கு மூவ்மென்ட் மாறும். பொதுவாக இயந்திரத்தில் ஏற்கெனவே இருக்கும் 52 டிகிரியை மாற்றாமல் அளந்துவிட்டு, ஆட்டம் குறைவு என்றோ பிரமாதம் என்றோ விற்பனைக் குறிப்பில் எழுதுகிறவர்கள் நிறைய. அப்படிப்பட்ட எண்ணை நம்பி விலை பேசக் கூடாது. நிலைகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. டயல் மேல்நோக்கிக் கிடந்தபோதும், சாவி முனை கீழாகவும் இடமாகவும் மேலாகவும் நிறுத்தியபோதும் ஓட்டத்தின் வேகம் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே இருந்தது. குறிப்பாக நிமிர்த்திய நிலைகள் தங்களுக்குள் ஒத்துப்போயின. அச்சுகள் நெருக்கப்படவில்லை என்பதற்கும், இரண்டு ஹேர்ஸ்பிரிங்குகளும் கவனமாக மையப்படுத்தப்பட்டிருக்கின்றன என்பதற்கும் இது நல்ல அடையாளம். திறந்த மூவ்மென்டில் இதைக் கண்ணாலும் சரிபார்க்க முடிகிறது: ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒரே தளத்தில் படுத்து, எல்லாப் பக்கமும் சம அளவில் விரிந்து சுருங்குகின்றன. இரண்டு ஸ்பிரிங்குகளை இப்படி ஒத்துப்போகச் செய்வது ஒன்றைச் சரிசெய்வதைப் போல இரண்டு மடங்கு வேலை அல்ல, அதைவிடக் கடினம். ஒன்றைத் தொட்டால் மற்றதன் கணக்கும் மாறும்.

கேஸைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வடிவமைப்பாளர் ஜெரால்டு ஜென்டா வரைந்து 1972-இல் வெளிவந்த எண்கோண வடிவமே இன்றும் தொடர்கிறது. கண்ணாடியைச் சுற்றியுள்ள பெசல் என்ற சட்டத்தில் உள்ள எட்டு அறுகோண ஸ்க்ரூக்களும் வெள்ளைத் தங்கத்தால் ஆனவை; தலை அறுகோணக் குழியில் உட்கார்ந்துவிடுவதால் முன்னால் திரும்புவதே இல்லை, முறுக்குவது பின்பக்கத்திலிருந்துதான். அதனால் எட்டின் வெட்டுகளும் பெசலின் வட்டத்தை ஒட்டி ஒரே ஒழுங்கில் நிற்க வேண்டும். ஒன்று விலகியிருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். இங்கே ஒழுங்கு சரியாக இருந்தது. செயினின் கண்ணிகள் பூட்டை நோக்கிச் சீராகச் சிறுத்துக்கொண்டே போகின்றன. ஆனால் பெசலின் மங்கல் பரப்புக்கும் பக்கத்துக்கும் இடையே ஓடும் பளபளப்பான சரிவு, ஒரு பக்கத்தில் மற்றப் பக்கங்களைவிடச் சற்று அகன்று, அதன் எல்லைக்கோடும் மழுங்கியிருந்தது. ஆலையிலிருந்து வந்தபோது அப்படி இருந்திருக்காது. இடையில் எங்கோ கீறலைப் போக்குவதற்காகப் பாலிஷ் சக்கரத்தில் பிடித்திருக்கிறார்கள்.

இடையில் நடந்த அந்தச் சர்வீஸின் இன்னொரு தடயம்தான் முன்பு குறிப்பிட்ட ஸ்க்ரூ. பின்பக்கம், ரோட்டாரைச் சற்று ஒதுக்கிப் பார்த்தால், ஒரு பிரிட்ஜ் ஸ்க்ரூவின் வெட்டு வாயில் ஒரு பக்கம் மட்டும் பிசிறு எழும்பியிருக்கிறது. பொருந்தாத அகலமுள்ள ஸ்க்ரூ டிரைவரால் திருப்பினால் வரும் காயம் அது. அதற்குப் பக்கத்திலேயே பிரிட்ஜின் சாம்பல் நிறப் பரப்பில் நகக்கணு அளவுகூட இல்லாத ஒரு மஞ்சள் கோடு. பிரிட்ஜ் பித்தளையால் ஆனது. மெருகு வேலை முழுவதும் முடிந்தபின் அதன் மேல் மெல்லிய உலோகப் பூச்சு ஏற்றப்படுகிறது. கருவி வழுக்கி அந்தப் பூச்சைக் கிழித்திருக்கிறது. ஸ்க்ரூவை மாற்றலாம், ஆனால் இந்தக் கீறலை அந்த இடத்தில் மட்டும் தேய்த்துப் போக்க முடியாது. தேய்த்தால் பூச்சு இன்னும் போகும், முழுவதும் உரித்துப் புதுப்பித்தால் பல மணி நேரக் கைவேலையில் நின்ற சரிவுகளையும் மறுபடி தொட வேண்டிவரும். டயல் மூடிய கடிகாரத்தில் இப்படிப்பட்ட தழும்பு பலவும் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். ஸ்கெலிட்டனில் உள்ளே போன ஒவ்வொரு கையும் நிரந்தரமாக வெளியே தெரிகிறது. கற்களைச் சுற்றிப் படரும் அதிகப்படி எண்ணெயும் ஒரு துளி தூசியும்கூடத் தப்பாது. இந்தக் கடிகாரத்தில் எண்ணெய் விளிம்பு தாண்டிப் படரவில்லை, அந்த வகையில் சர்வீஸ் செய்தவர் கவனமாகவே இருந்திருக்கிறார்.

வாங்குபவரின் கேள்விக்கு அறிக்கையில் எழுதிய பதில் இது. மூடிய டயல் மாடலுக்கும் இதற்கும் இடையிலான விலை வேறுபாட்டில் கணிசமான பகுதி, உள்மூலைகளிலும் உட்சுவர்களிலும் இரட்டை ஸ்பிரிங்கின் ஒழுங்கிலும் கண்ணால் காணக்கூடிய மனித உழைப்பாக இருக்கிறது. மிச்சம் பெயருக்கும் கிடைப்பருமைக்கும் கொடுப்பது; அதைத் தருவதா வேண்டாமா என்பது அவர் விருப்பம். பிரிட்ஜில் உள்ள கீறலும் பெசலின் மழுங்கலும் மாற்ற முடியாதவை என்பதால், பழுதற்ற ஒரு 15407-க்குக் கேட்கும் விலையை இதற்குத் தரக் கூடாது. ஸ்க்ரூவை மட்டும் தயாரிப்பு நிறுவனத்தின் சொந்த சர்வீஸில் மாற்றிக்கொள்ளலாம். கேஸையும் செயினையும் மீண்டும் பாலிஷ் செய்ய வேண்டாம் என்று சர்வீஸுக்குக் கொடுக்கும்போதே எழுத்தில் குறிப்பிட்டுவிட வேண்டும். சொல்லாவிட்டால் புதிதுபோலத் தருகிறோம் என்று நல்லெண்ணத்தோடு மற்ற ஏழு பக்கங்களின் சரிவையும் தேய்த்துவிடுவார்கள்.